சிற்றுருக் காட்சிகள் அமைத்தல்: குமரி மாவட்ட ஆர்வலர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தெருமுனைத் தேநீர்க் கடை, ரப்பர் தோட்டத்தின் ஒரு சரிவு, தாமரைக் குளத்தின் படித்துறை போன்ற காட்சிகளை உள்ளங்கையளவிலோ மேசையளவிலோ அமைக்கும் கலையை டயோரமா என்கிறோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைத் தொடங்க விரும்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், பல ஆண்டுகளாகச் செய்து பார்த்ததில் எனக்குக் கிடைத்த விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

டயோரமா என்ற சொல் எங்கிருந்து வந்தது? நம்மிடம் இந்த வழக்கம் உண்டா?

பின்னாளில் புகைப்படக் கலையின் முன்னோடியாக அறியப்பட்ட லூயி டாகேர், 1822ஆம் ஆண்டு பாரிஸில் சார்ல் பூத்தோனுடன் இணைந்து நடத்திய காட்சியரங்கின் பெயர்தான் டயோரமா. மிகப்பெரிய ஓவியத் திரைகளின் மீது ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, பகல் இரவாவதையும் வெயில் மங்குவதையும் பார்வையாளர் கண்முன் நிகழ்த்திக் காட்டினார்கள். அந்தப் பெயரே பிற்காலத்தில் அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிக் காட்சிகளுக்கும், வீட்டில் அமைக்கும் சிறு காட்சிகளுக்கும் வழங்கலாயிற்று.

பெயர் புதிதே தவிர, செயல் நமக்குப் புதிதன்று. நவராத்திரிக் கொலுப் படிகளின் கீழே கேழ்வரகு முளைக்க வைத்து வயலும் பூங்காவும் அமைப்பவர்கள் இருக்கிறார்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களிலும் மேற்குப் பகுதி ஊர்களிலும் இளைஞர்கள் இரவெல்லாம் விழித்திருந்து கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறார்கள். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி நடத்திய விழாவிலிருந்து வளர்ந்த வழக்கம் அது. குடில் கட்டிய கைக்குப் பாறை செய்வதும், புல் ஒட்டுவதும், விளக்கு மறைப்பதும் ஏற்கெனவே தெரியும். குடிலில் பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒன்றை மட்டும் புதிதாகக் கற்க வேண்டும். அது அளவு விகிதம்.

அளவு விகிதத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உண்மைப் பொருளை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்பதே விகிதம். பொம்மை வீடுகளில் அதிகம் வழங்குவது 1:12. அதில் ஓர் அடி ஓர் அங்குலமாகிறது. 1:24இல் ஓர் அடி அரை அங்குலமாகும். படைவீரர் மாதிரிகளில் 1:35உம், விமான மாதிரிகளில் 1:72உம், ரயில் மாதிரிகளில் 1:87உம் பரவலாக உள்ளன. ஐந்தரை அடி உயரமுள்ள மனிதர் 1:12இல் ஐந்தரை அங்குலமும், 1:24இல் ஏறத்தாழ 7 செ.மீ. உயரமும் இருப்பார், 1:87இல் 2 செ.மீட்டருக்கும் சற்றுக் குறைந்துவிடுவார்.

வீட்டின் உட்புறத்தையோ கடையையோ செய்ய நினைப்பவர்களுக்கு 1:24ஐப் பரிந்துரைப்பேன். சாமான்கள் விரலுக்கு அடங்குகின்றன; கணக்கும் எளிது. நிலப்பரப்பையும் மலையையும் காட்ட விரும்பினால் 1:72 அல்லது 1:87 வேண்டும். எதைத் தேர்ந்தாலும் ஒரே காட்சிக்குள் விகிதம் மாறக் கூடாது. கடையில் வாங்கிய பசுமாடு, கையால் செய்த மனிதரின் தோளுயரத்துக்கு நின்றால், மற்ற எல்லாவற்றையும் எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் பார்ப்பவர் கண் அந்த மாட்டைவிட்டு நகராது.

முதல் வேலையாக மாத்தூர் தொட்டிப் பாலத்தையோ திருவள்ளுவர் சிலையையோ செய்யலாமா?

செய்ய வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது, எனக்கும் வந்தது. ஆனால் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். கால்வாய் நீரைத் தாங்கிச் செல்லும் மாத்தூர் தொட்டிப் பாலத்தின் உயரம் 115 அடி. நீளம் ஏறத்தாழ 1,240 அடி. 1:87 விகிதத்தில் உயரம் 40 செ.மீ. என்று கைக்கடக்கமாக வந்தாலும், நீளம் 4 மீட்டரைத் தாண்டி வீட்டின் கூடத்தையே அடைத்துக்கொள்ளும். பீடத்துடன் சேர்த்து 133 அடியுள்ள வள்ளுவர் சிலை அதே விகிதத்தில் 47 செ.மீ. அளவுக்கு வரும், அதைச் செதுக்குவதற்குச் சிற்பப் பயிற்சி தேவைப்படும்.

எனவே முழுமையை விட்டு ஒரு மூலையை எடுத்துக்கொள்வதே நல்லது. தொட்டிப் பாலத்தின் இரண்டு தூண்கள், அவற்றின் அடியில் பறளியாறு, கரையில் துணி துவைக்கும் ஒருவர் என்று அமைத்தால், பாலத்தின் மற்றத் தூண்களைப் பார்ப்பவரின் மனமே கட்டிக்கொள்ளும். முதல் வேலைக்கு 8 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் உள்ள பலகை போதும். நீங்கள் நாள்தோறும் கடந்து செல்லும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐயம் வரும்போதெல்லாம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்பது எந்தப் புகைப்படமும் தராத வசதி.

தென்னை மரம் எவ்வளவு முயன்றாலும் பொம்மை மரம் போலவே வருகிறதே, ஏன்?

நம் ஊர்க் காட்சிகளில் மிகக் கடினமானது தென்னைதான். பார்ப்பவர் எல்லோரும் அதை அறிந்தவர்கள் என்பதே காரணம். ஐரோப்பிய ஓக் மரத்தில் கிளை பிசகினால் இங்கே யாருக்கும் தெரியாது; தென்னையில் ஓலை பிசகினால் எட்டு வயதுப் பிள்ளை சொல்லிவிடும்.

முதற்பிழை உயரத்தில் நேர்கிறது. 60 அடித் தென்னை 1:24இல் 30 அங்குலம். 1:72இல் 10 அங்குலம். இவ்வளவு உயரமா என்று அஞ்சிப் பாதியாகக் குறைத்துவிடுகிறோம். அதனால் அது இளங்கன்றாகவும் இல்லாமல் மரமாகவும் இல்லாமல் நிற்கிறது. 1:24இல் வேலை செய்கிறவர்கள் தூரின் கீழ்ப்பகுதியை மட்டும் காட்டி, மேலே காட்சிப் பெட்டியின் விளிம்புக்குள் மறையவிட்டு, தரையில் விழும் ஓலை நிழலையும் கிடக்கும் கொதும்பையும் (காய்ந்த பாளை மடல்) வைத்து மரத்தை உணர்த்தலாம். முழு மரம் வேண்டுமென்றால் 1:72க்கு மாறுவதே சரி.

இரண்டாம் பிழை தூரில் உள்ளது. தென்னை அடியில் பருத்து, சற்று மேலே சென்றதும் சீராகி, கொண்டை வரை ஏறக்குறைய ஒரே பருமனில் போகிறது. கூம்பு போல ஒடுங்குவதில்லை. நேராக நடுவதை விட, அடியில் சற்றுச் சாய்ந்து பிறகு வெளிச்சத்தை நோக்கி நிமிர்வதாக வளைத்தால் உயிர் வந்துவிடும். கம்பியின் மேல் காகிதப் பட்டையைச் சுற்றி, பட்டையின் விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் மெல்லிய வரம்பாகத் தெரியும்படி ஒட்டினால் ஓலை விழுந்த தழும்பு வளையங்கள் கிடைக்கும். நிறம் பழுப்பு அன்று. சாம்பல்தான், அதிலும் மழை ஒழுகும் பக்கம் பச்சையும் கருமையும் படிந்திருக்கும்.

மூன்றாவது ஓலை. 15 அடி ஓலை 1:72இல் 6 செ.மீ. நீளத்துக்குச் சற்று மேல் வரும். மெல்லிய கம்பியின் இருபுறமும் காகிதத்தை மடித்து ஒட்டி, இலை வடிவில் நறுக்கி, நடுநரம்பை நோக்கிச் சாய்வாக மிக நெருக்கமாகக் கத்தரித்துவிடுங்கள். ஒரு மரத்துக்கு முப்பது ஓலைகளாவது தேவை. பத்து ஓலை வைத்துவிட்டுப் போதும் என்று நிறுத்துவதால்தான் பொம்மைத்தன்மை வருகிறது. குருத்து நிமிர்ந்து மஞ்சள் கலந்த இளம்பச்சையாகவும், நடு ஓலைகள் அகல விரிந்தும், கீழ் ஓலைகள் தொங்கியும், கடைசி ஒன்றிரண்டு காய்ந்து தூரை ஒட்டியும் இருக்க வேண்டும். முடிந்தபின் காற்று வீசும் திசை ஒன்றைத் தீர்மானித்து, எல்லா ஓலைகளையும் அந்தப் பக்கமாக இலேசாக வளைத்துவிடுங்கள். ஒரு மரத்துக்கு இரண்டு மாலைகள் பிடிக்கும். அதைக் குறைக்க நான் வழி தேடவில்லை.

பொருட்களை எல்லாம் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டுமா?

பசை, அக்ரிலிக் வண்ணம், கூரிய கத்தி, இடுக்கி ஆகியவற்றுக்குக் கடைதான் வழி. மற்றவற்றில் பெரும்பகுதி நம் முற்றத்திலேயே கிடக்கிறது. கதம்பையிலிருந்து (தேங்காய் மட்டை) பிரித்த தும்பு காய்ந்த புல்லாகவும் கயிறாகவும் உதவும். பன்னாடை, பின்னிய துணி போலவே இருப்பதால் சாக்கு, வலை, பழைய தட்டி ஆகியவற்றுக்கு அதைவிடப் பொருத்தமான பொருளை நான் பார்த்ததில்லை. ஈர்க்கிலைச் சீவினால் கழியும் வேலிக்கம்பும் கிடைக்கும். உலர்ந்த பனையோலையை மெல்லிய கீற்றுகளாகக் கிழித்து அடுக்கினால் கூரை அமையும்.

ரப்பர் தோட்டக் காட்சி ஒன்றை 1:24இல் செய்தபோது பால் வடியும் சிரட்டைகளுக்கு என்ன செய்வதென்று நெடுநாள் யோசித்தேன். உண்மைச் சிரட்டை 4 அல்லது 5 அங்குல அகலம் என்றால் காட்சியில் 5 மி.மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கடைசியில் அடுக்களையில் இருந்த நல்லமிளகுதான் உதவியது. ஒரு மணியைப் பாதியாக நறுக்கி உட்பகுதியைச் சுரண்டினால் சுருக்கம் விழுந்த கருநிறக் கிண்ணம் கிடைக்கிறது. அதற்குள் ஒரு துளி வெள்ளை வண்ணம் விட்டால் பால் நிறைந்த சிரட்டை. மரத்தில் வெட்டுக்கோட்டை இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் கீற மறந்துவிடாதீர்கள். திசை மாறினால் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இயற்கைப் பொருள் எதுவானாலும் நேராகக் காட்சியில் ஒட்டாதீர்கள். இரண்டு மூன்று நாள் கடும் வெயிலில் உலர்த்தி, நீர்த்த பசையால் ஒரு பூச்சுக் கொடுத்த பின்னரே பயன்படுத்துங்கள். நான் தொடக்க காலத்தில் வைக்கோலையும் பச்சைப் பாசியையும் அப்படியே ஒட்டி வைத்த வயல்வரப்பு, ஜூன் மாத மழையில் பூஞ்சணம் பூத்து, ஆகஸ்டில் வண்டு துளைத்துப் பொடியாகிப்போனது. மூன்று மாத உழைப்பு அது. வரப்பில் நின்ற கொக்கு மட்டும் மிஞ்சியது.

கன்னியாகுமரியில் பொட்டலமாக விற்கும் பலநிற மணலைக் கடற்கரைக் காட்சிக்குப் பயன்படுத்தலாமா?

வேண்டாம் என்பேன், இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது விகிதம். 0.2 மி.மீ. அளவுள்ள மணல் துகள் 1:24 காட்சியில் 5 மி.மீ. கல்லுக்கும், 1:87 காட்சியில் 17 மி.மீ. கூழாங்கல்லுக்கும் சமம். உண்மை மணலை ஒட்டினால் சரளைக்கல் பரப்பியது போலத்தான் தெரியும். செங்கல் பொடி, சாம்பல், சுண்ணாம்புப் பொடி ஆகியவற்றை மெல்லிய துணியில் சலித்து, நீர்த்த பசையின் மேல் தூவுவதே கடற்கரைக்குப் பொருந்தும்.

இரண்டாவது, நம் கடற்கரையின் கனிம வளம் பற்றியது. மணவாளக்குறிச்சிப் பகுதிக் கடற்கரை மணலில் இல்மனைட், கார்னெட், சிர்க்கான் ஆகியவற்றுடன் தோரியம் கொண்ட மோனசைட்டும் கலந்திருக்கிறது. இவற்றைப் பிரித்தெடுக்க மத்திய அரசு நிறுவனத்தின் ஆலை அங்கேயே உள்ளது. இயற்கைக் கதிரியக்கம் உள்ள கனிமம் கலந்த கருமணலை அள்ளி வந்து வீட்டில் சலிப்பதும், அதன் தூசியை மூச்சில் இழுப்பதும் பொழுதுபோக்குக்காகச் செய்யத்தக்கவை அல்ல. கருமணல் வரிகளை வண்ணத்தாலேயே தீட்டிவிடலாம்.

பாறைகளை வார்க்க ரப்பர் பாலில் அச்சு எடுக்க முடியுமா?

முடியும், உலகெங்கும் மாதிரி செய்பவர்கள் பாறை அச்சுக்கு இயற்கை ரப்பர் பாலைத்தான் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மரத்திலிருந்து அன்று வடித்த பால் உதவாது. அது சில மணி நேரத்திலேயே உறைந்துவிடும். உலர்ந்தாலும் பிசுபிசுப்பும் வலுவின்மையும் இருக்கும். முன்கூட்டியே வல்கனைஸ் செய்து (கந்தகம் சேர்த்து வலுவேற்றி), அம்மோனியா சேர்த்துப் பதப்படுத்திய பால்தான் வேண்டும். ரப்பர் பொருட்கள் செய்வோரிடம் விசாரியுங்கள்.

அழகான விரிசல்கள் உள்ள கைப்பிடியளவுக் கல்லைக் கழுவி உலர்த்துங்கள். தூரிகையை முதலில் சோப்பு நீரில் நனைத்துக்கொண்டால் பால் அதில் கட்டிக்கொள்ளாது. முதல் பூச்சு மிக மெல்லியதாக, குமிழ் இல்லாமல், ஒவ்வொரு விரிசலுக்குள்ளும் இறங்க வேண்டும். வெண்மை மறைந்து தேன்நிறமாகத் தெளிந்த பிறகே அடுத்த பூச்சு. இப்படி எட்டு முதல் பத்துப் பூச்சுகள் தேவை. நடுவில் மருத்துவக் கட்டுத் துணியை ஓர் அடுக்கு வைத்தால் அச்சு கிழியாது. உரிப்பதற்கு முன் முகப்பவுடர் தூவிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அச்சின் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணெயும் செம்பும் ரப்பரைக் கெடுப்பவை என்பதால் அவற்றை அண்டவிடாதீர்கள். அம்மோனியா நெடி கண்ணை எரிக்கும். வேலையைத் திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வார்ப்பதற்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும். தண்ணீரில் மாவைத் தூவ வேண்டுமே தவிர, மாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது. மழைக்காலத்தில் வாய் திறந்து வைத்த பிளாஸ்டர் ஈரம் இழுத்து இறுகும் தன்மையை இழந்துவிடும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மிஞ்சிய கலவையைக் கழிவுநீர்க் குழாயில் கொட்டினால் அது உள்ளேயே இறுகி அடைத்துக்கொள்ளும்.

குளத்து நீரை எப்படிச் செய்வது? எபாக்சி ரெசின் (இரு பாகங்களைக் கலந்தால் கண்ணாடி போல இறுகும் பிசின்) ஊற்றினால் மேலே வெண்படலம் படிகிறதே?

நீரின் நிறம் ரெசினில் இல்லை. அடியில் தீட்டும் வண்ணத்தில் இருக்கிறது. கரையோரத்தில் சேற்றுக் காவி, உள்ளே போகப் போகப் பழுப்பு கலந்த பச்சை, நடுவில் ஏறக்குறைய கறுப்பு என்று தீட்டி உலர்ந்த பிறகு, நிறமற்ற ரெசினை 3 முதல் 5 மி.மீ. அடுக்குகளாக ஊற்றினால் ஆழம் கிடைக்கும். மொத்தமாக ஊற்றினால் இறுகும்போது எழும் சூட்டில் மஞ்சளாகி வெடிப்பு விடக்கூடும். தெர்மோகோல் அடித்தளம் உருகவும் கூடும். தாமரை இலைகளைக் காகிதத்தில் வெட்டி, கடைசி அடுக்கு ஊற்றும் முன் பரப்புங்கள். சில இலைகள் நீருக்கு மேலே தண்டில் நிற்க வேண்டும். அவற்றின் விளிம்பு சற்று மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். எல்லா இலைகளும் தட்டையாகக் கிடந்தால் அது அல்லிக்குளமாகிவிடும்.

வெண்படலம் நம் தட்பவெப்பத்தின் வேலை. ரெசின் இறுகும் வேளையில் காற்றின் ஈரம் மேற்பரப்பில் வினைபுரிந்து மெழுகு போன்ற படலத்தை உண்டாக்குகிறது. ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. எனவே நான் ரெசின் வேலைகளை ஜனவரி முதல் மார்ச் வரையிலான நாட்களுக்கு ஒதுக்கிவைக்கிறேன். ஏற்கெனவே படலம் படிந்திருந்தால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் துடைத்து, உலர்த்தி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய அடுக்கு ஒன்றை மீண்டும் ஊற்றுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். இரு பாகங்களையும் உற்பத்தியாளர் சொன்ன விகிதத்தில் துல்லியமாக அளந்து, கையுறை அணிந்து கலக்க வேண்டும். கண்ணளவில் கலந்தது பல நாளானாலும் இறுகாது.

தெர்மோகோலின் மேல் ஸ்பிரே வண்ணம் அடித்ததும் கரைந்து குழி விழுந்துவிட்டது. என்ன தவறு?

ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிட்டது. வெள்ளைப் பசை அல்லது அக்ரிலிக் வண்ணத்தால் முழுமையாக மூடிய பிறகே ஸ்பிரே அடிக்க வேண்டும். ஓரங்களில் ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் அங்கிருந்து கரையத் தொடங்கும்.

பழைய ஓட்டு வீடுகளையும் பத்மநாபபுரம் அரண்மனை போன்ற உட்புறங்களையும் அமைப்பதில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஓடுகளில் நிறவேறுபாடு. மங்களூர் ஓடு ஒன்று 16 அங்குல நீளம் என்று கொண்டால் 1:24இல் 17 மி.மீ. வரும். களிமண்ணில் ஒரே ஓட்டை நன்றாகச் செய்து அச்சு எடுத்துக்கொண்டு, வேண்டிய எண்ணிக்கையில் வார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பை அடிக்காமல் மூன்று நான்கு சாயல்களில் தீட்டிக் கலந்து அடுக்குங்கள். மரநிழல் விழும் பகுதியில் பாசி படிந்த கருமை வேண்டும். உடைந்த இடத்தில் மாற்றி வைத்த புது ஓடு ஒன்று மட்டும் பளிச்சென்று தெரிந்தால், அந்த வீட்டில் ஆள் குடியிருப்பதும் அவர்கள் சென்ற மழைக்கு முன் கூரையைச் சரிபார்த்ததும் பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

அரண்மனை உட்புறம் பெரும்பாலும் மரவேலை. தக்கலைக்கு அருகில், தமிழ்நாட்டு மண்ணில் இருந்தபடி கேரள அரசின் பராமரிப்பில் உள்ள அந்த அரண்மனையின் கருந்தரை, சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு முதலியவற்றால் இழைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். சிற்றுருவில் அதைச் செய்ய, தேய்த்து வழவழப்பாக்கிய பலகையில் கறுப்பு அக்ரிலிக்கை மூன்று முறை பூசி, அரைப்பளபளப்பு வார்னிஷ் கொடுத்தால் போதும். முழுப் பளபளப்பு வார்னிஷ் கூடாது. சுருங்கிய உருவில் மினுக்கமும் சுருங்க வேண்டும்; இல்லையென்றால் தரை ஈரமாக இருப்பது போலத் தெரியும்.

விளக்கு எப்படிப் பொருத்துவது?

எல்.இ.டி. மட்டுமே பயன்படுத்துங்கள். 12 வோல்ட் அடாப்டரில் வெள்ளை எல்.இ.டி. ஒன்றைப் பொருத்த, அதன் 3 வோல்ட்டைக் கழித்தால் மீதம் 9 வோல்ட். 1 கிலோ ஓம் மின்தடை சேர்த்தால் 9 மில்லி ஆம்பியர் ஓடும். சிற்றுருக் காட்சிக்கு அந்த வெளிச்சமே அதிகம். மாலை நேரத் தேநீர்க் கடைக்கு மஞ்சள் கலந்த வெள்ளைதான் பொருந்தும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இணைப்புகளை அரித்துவிடும் என்பதால், ஈயம் வைத்த இடங்களைச் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயால் மூடுங்கள்.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக. இலை நறுக்குதல், வண்ணம் தீட்டுதல், புல் தூவுதல் ஆகியவற்றை அவர்களிடம் கொடுங்கள். கத்தி, ரெசின், உடனடிப் பசை, தெர்மோகோல் அறுக்கும் சூடான கம்பி ஆகிய நான்கும் பெரியவர் கையில் இருக்கட்டும். உடனடிப் பசை பருத்தித் துணியில் கொட்டினால் தோல் சுடும் அளவுக்குச் சூடேறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

முடித்த காட்சியை எப்படிப் பாதுகாப்பது?

கண்ணாடி அல்லது அக்ரிலிக் பெட்டி கட்டாயம் வேண்டும். நுண்ணிய வேலையின் மேல் படிந்த தூசியை ஓலை ஒடியாமல் எடுக்க முடியாது. பெட்டிக்குள் மறைவான இடத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். நேர் வெயில் படும் சன்னலோரம் வேண்டாம், வண்ணம் வெளிறும். மைதாப் பசையை எங்குமே பயன்படுத்தாதீர்கள். எறும்பும் கரப்பானும் தேடி வரும். கடற்கரையிலிருந்து நடந்து போகும் தொலைவில் வீடு இருந்தால், இரும்புக் கம்பிக்குப் பதிலாக அலுமினியக் கம்பியையே எலும்புக்கூடாக வையுங்கள். துரு வண்ணத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

பேருந்தில் எடுத்துச் செல்ல நேர்ந்தால்?

மரங்களையும் மனிதர்களையும் தனியே கழற்றி எடுக்கும்படி, அடியில் கம்பிமுனை விட்டு, பலகையில் துளையிட்டுச் செருகும் வகையில் முதலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். பயணத்தின்போது அவற்றைப் பஞ்சு விரித்த தனி டப்பாவில் படுக்க வைத்து, டப்பாவின் மேல் எந்த மரம் எந்தத் துளைக்கு என்று எண்ணிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பலகையை அதன் அளவைவிட ஓர் அங்குலம் பெரிய அட்டைப் பெட்டியில் வைத்து, நான்கு பக்கமும் கடற்பஞ்சு செருகி, இருக்கையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.